சைரா எடுத்த முகம்

சைரா உட்கார்ந்து தேநீர் குடித்து நான் பார்த்ததில்லை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். இரண்டு வாய் குடிப்பாள். வெளியே போய் ஆடுகளைப் பார்ப்பாள். திரும்பி வந்து மீதியைக் குடிப்பாள். அதற்குள் ஆறிப் போயிருக்கும். "இவ கால்ல சக்கரத்தைக் கட்டி அனுப்பிட்டாங்க, அவ அம்மா வீட்ல" என்று எங்கள் மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

சைரா எனக்கு ஓரகத்தி. அவள் அந்த வீட்டின் மூத்த மகன் மெதெரைக் கட்டியவள், நான் இளையவரைக் கட்டியவள். எங்கள் ஊர் தாஷ்-புலாக்கில் குளிர்காலம் முழுக்க ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். கோடையில் மேய்ச்சல் மலைக்கு ஏறிவிட்டால் எல்லோருக்கும் ஒரே கம்பளிக் கூடாரம். அவள் தூக்கத்தில்கூடப் புரண்டுகொண்டே இருப்பாள்.

எங்கள் மாமனாரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மருமகள்கள் சொல்லக் கூடாது, எழுதவும் கூடாது. அவர் பெயருக்குள் ஓர் உலோகம் இருக்கிறது. ஆகவே எங்கள் வீட்டில் அந்த உலோகத்துக்கும் பெயர் கிடையாது; "கறுப்பு" என்போம். அடுப்பைக் கிளறுவது கறுப்பு, குதிரைக் குளம்பில் அடிப்பது கறுப்பு, துணி தேய்ப்பதும் கறுப்பு. வெளியூர்க்காரர் யாராவது வந்து அந்தச் சொல்லைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் தலைமுக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வோம்.

பெயர் மட்டுமல்ல, முகமும் அப்படித்தான். அவரை நிமிர்ந்து பார்க்கக் கூடாது. தேநீர் நீட்டும்போது அவருடைய கை தெரியும். கட்டை விரலில் கயிறு அறுத்த பழைய தழும்பு ஒன்று உண்டு. அதை எனக்கு நன்றாகத் தெரியும். வெளியே போகும்போது அவருக்கு முதுகைக் காட்டக் கூடாது. அவரைப் பார்த்தபடி, கண்ணைத் தரையில் வைத்து, பின்பக்கமாகவே நடந்து, குதிகாலால் வாசல்படியைத் தடவித் தாண்டிப் போக வேண்டும். புதுப் பெண்ணாக வந்தபோது நான் படி தடுக்கி எத்தனையோ முறை விழுந்தேன். சைரா ஒருமுறைகூட விழவில்லை என்று சொல்வார்கள். பின்பக்கமாக அவள் நடப்பது மற்றவர்கள் முன்பக்கமாக நடப்பதைவிட வேகமாக இருக்கும்.

கனிஷாய் தோரோபேகோவா எங்கள் மலைக்கு வந்தது ரோமம் வெட்டும் நேரத்தில். தலைநகர் பிரூன்ஸேயிலிருந்து வரும் பெண்கள் மாத இதழுக்குப் படம் எடுப்பவர். அவர் எடுத்த படங்களை எங்கள் பெண்கள் வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார்கள்; பருத்தி பறிக்கிற பெண், விமானத்தின் இறக்கைமேல் நிற்கிற பெண், இரட்டைக் குழந்தைகள். படத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர் இருந்ததை எங்களில் யாரும் கவனித்ததில்லை. சைரா கவனித்திருந்தாள். லாரியிலிருந்து இறங்கியவரைக் கூட்டுப்பண்ணைத் தலைவர் அறிமுகம் செய்து, "அந்தப் பத்திரிகைக்கு முதல்முதலா படம் எடுத்த பொம்பளை இவங்கதான்" என்று சொன்னபோது, அவள் என் முழங்கையைக் கிள்ளினாள். நீலமாகக் கன்றிப் போயிற்று.

ஆள் குள்ளம். கால்சட்டை போட்டிருந்தார், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். கழுத்தில் இரண்டு கேமரா. வந்ததும் தேநீர்கூடக் குடிக்கவில்லை. லாரியின் முன்கூரைமேல் ஏறி நின்றுகொண்டார்.

"தலைவரே, கொஞ்சம் தள்ளுங்க. உங்க தொப்பி ஆட்டை மறைக்குது."

"நான்தாம்மா இந்தப் பண்ணைக்குத் தலைவர்."

"தெரியும். பத்திரிகைக்கு ஆடுதான் வேணும்."

ரோமக் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நாங்கள் சிரித்தோம். தலைவர் தள்ளி நின்றார். அதிலும் இன்னும் கொஞ்சம் தள்ளச் சொன்னார் கனிஷாய்.

அன்று பகல் முழுக்கச் சைராதான் அவருடைய தோல்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். யாரும் தூக்கச் சொல்லவில்லை. அவரும் அவளிடம் எதையும் விளக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அந்த ஆளின் பெயரைக் கேட்டு சிகரெட் பெட்டியின் மேல் எழுதிக்கொண்டார். கிழவி ஒருத்தி, "என் பேரு எதுக்கும்மா, நான் என்ன மந்திரியா?" என்று கூச்சப்பட்டாள்.

"பேரில்லாத முகத்தை நான் அச்சுக்குக் குடுக்க மாட்டேன் பாட்டி. மந்திரி பேருதான் எல்லாருக்கும் தெரியுமே."

அவர் வந்ததே எங்கள் மாமனாரைப் படம் எடுக்கத்தான். அந்த ஆண்டு அவருடைய மந்தைதான் மாவட்டத்தில் முதலிடம். ஆனால் மாமனார் வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு ஆட்டின்மேல் குனிந்துவிட்டார்.

"ஐயா, கொஞ்சம் நிமிருங்க."

"மூஞ்சி எதுக்கு? ரோமம் வெட்டுறது கைதானே. கையை எடு."

கையைத்தான் எடுத்தார். லாரியில் ஏறும்போது தனக்குத்தானே, "பெரியவர் முகம் சிக்கலை. போகட்டும்" என்று சொல்லிக்கொண்டார். பையைக் கொடுக்கப் போன சைரா அதைக் கேட்டாள். பையை விடாமலேயே கேட்டாள்:

"அக்கா, உங்களை இந்த வேலைக்கு யாரு அனுப்பினாங்க?"

"யாரும் அனுப்பலை. போய் நின்னேன், வேணும்னு கேட்டேன். இல்லைன்னாங்க. மறுபடியும் கேட்டேன். பையை விடு, ஓட்டுநர் திட்டுவான்."

லாரி போய்விட்டது. அவர்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசியது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சைராவின் கால் இன்னும் மோசமாகிவிட்டது. பால் கறக்கிற நடுவில் எழுந்து போய், கூடார உச்சி வளையத்தின் வழியே விழுகிற வெயில் எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பாள். என்னை நிற்க வைத்து, விரல்களைச் சட்டம் போலச் சேர்த்து அதற்குள்ளே ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். "ஜிபார், தலையை ஆட்டாதே." "நான் ஆட்டலை அக்கா, ஈ." மாமியார் ஒருநாள் மெதெரைத் தனியே கூப்பிட்டு, முல்லாவிடம் தாயத்து வாங்கலாமா என்று கேட்டார்.

அடுத்த வசந்தத்தில் குட்டி ஈனும் காலம் முழுக்கச் சைரா கொட்டகையிலேயே கிடந்தாள். அவள் பார்த்துக்கொண்ட ஆடுகளில் ஒரு குட்டிகூடச் சாகவில்லை. மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். தலைவர் மேடையில் ஒரு சிவப்புக் கம்பளத்தை விரித்துக் காட்டி, அவளைக் கூப்பிட்டு மைக்கில் வாழ்த்தினார். ஊர் கைதட்டியது. கம்பளத்தைப் பார்த்ததும் மாமியாருக்கு வாயெல்லாம் பல். எந்தச் சுவரில் மாட்டுவது என்று அப்போதே என் காதில் சொல்லிவிட்டார்.

சைரா மேடையில் நின்றபடி சொன்னாள்: "தலைவரே, கம்பளம் வேண்டாம். கேமரா வேணும்."

மைக் அதை எல்லோருக்கும் சொல்லிவிட்டது.

"என்னம்மா சொல்றே?"

"கேமரா. பரிசுப் பட்டியல்ல இருக்கு, நான் கேட்டுட்டேன். இதைவிட விலை கம்மிதான்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமியார் பேசவில்லை. வாசலில் வந்து நின்று பேசினார். "கம்பளத்தை விட்டுட்டு டப்பாவைத் தூக்கிட்டு வந்திருக்கா! அந்த டப்பா மேல படுத்துத் தூங்கு. விருந்தாளி வந்தா டப்பா மேல உக்கார வை."

முதல் சுருளில் எதுவுமே விழவில்லை. இரண்டாவதில் மெதெரின் காது மட்டும் விழுந்தது. கொட்டகையின் மூலையைப் பழைய கம்பளியால் மூடி, லாரியின் பின்விளக்குக் கண்ணாடியை மாட்டி, அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் அவள் வேலை செய்வாள். மாவட்டத் தலைநகரின் கலை மன்றத்தில் படம் அச்சிடும் கருவி ஒன்று பூட்டின அறைக்குள் கிடந்தது. அதன் சாவியையும் கேட்டு வாங்கினாள். முதல்முறை இல்லை என்றார்கள். அடுத்த முறை கொடுத்தார்கள். மெதெர் தீவன லாரியை அங்கே ஓட்டிப் போகும்போதெல்லாம் அவளும் ஏறிக்கொள்வாள். அவள் வேலையும் சேர்ந்து என் தலையில் விழுந்தது. திட்டலாம் என்று காத்திருப்பேன். லாரியிலிருந்து குதித்து இறங்கி, ஈரம் காயாத படத்தை என் முன்னால் நீட்டுவாள். மாவு பிசைகிற என் கை அதில் இருக்கும். என் கை அவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது.

யாரையும் நிற்க வைத்து எடுக்க மாட்டாள். போகிறவர்களுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே எடுப்பாள். கடைக்கார ஒமூர் சர்க்கரை மூட்டைமேல் வாயைப் பிளந்து தூங்குவதை எடுத்தாள். அந்தப் படம் ஊரைச் சுற்றி வந்தது. "சர்க்கரை வாங்கப் போனா மூட்டையைத் தட்டி எழுப்பணும்" என்று பெண்கள் சொல்லிச் சிரித்தார்கள். ஒமூர் சிரிக்கவில்லை.

மாமனாரை மட்டும் அவள் எடுக்கவில்லை. எடுக்க முடியாது. கேமரா வழியாகப் பார்ப்பதும் பார்ப்பதுதானே.

இலையுதிர் காலத்தில் மலையிலிருந்து இறங்கினோம். அந்த ஆண்டு முதல் பனி முந்திக்கொண்டது. எல்லோரும் அவசரத்தில் இருந்தோம். ஆறு கலங்கிப் பெருகி ஓடியது. மாமனார் குதிரையை நீரில் இறக்கி முன்னால் போக, ஆடுகள் அவர் பின்னால் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இறங்கின. நாங்கள் முன்பே கரை சேர்ந்திருந்தோம். நான் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பினால் சைராவைக் காணோம்.

அவள் திரும்பவும் ஆற்றுக்குள் இறங்கியிருந்தாள். தொடை வரை தண்ணீர். கேமராவைக் கண்ணில் வைத்து, மாமனாருக்கு நேர் எதிரே, அவர் குதிரை ஓர் அடி எடுத்து வைக்கப் பின்பக்கமாக ஓர் அடி எடுத்து வைத்து நடந்துகொண்டிருந்தாள். மாமனார் சேணத்தில் எழுந்து நின்று, சாட்டைக் கையை உயர்த்தி, வாயை முழுக்கத் திறந்து அவளைப் பார்த்துக் கத்தினார். ஆற்றுச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. தொப்பி பின்னால் சரிந்து விழுந்தது. சைரா அழுத்தினாள். அடுத்த நொடி தலை மறைய மூழ்கினாள். தண்ணீருக்கு மேலே கேமரா பிடித்த ஒரு கை மட்டும் தெரிந்தது.

மெதெர் பாய்ந்து போய் இழுத்துப் போட்டார். கரையில் கிடந்து இருமினாள். நான் அவள் முடியைப் பிழிந்தேன்.

"மாமா ரொம்பக் கோபமா இருக்காரு அக்கா. இன்னைக்கு உங்களைத் தொலைச்சிடுவாரு."

"ஜிபார்," என்றாள், பல் கிட்டிக்கொண்டே, "முகம் சிக்கிடுச்சு."

மாமனார் எதுவும் சொல்லவில்லை. குதிரையைத் திருப்பிக்கொண்டு ஆடுகளிடம் போய்விட்டார். அதுவே எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

அந்தப் படத்தைக் கலை மன்றத்தில் அச்சிட்டு, யாரிடமும் கேட்காமல் கனிஷாய்க்கு அனுப்பினாள். உங்கள் பத்திரிகைக்குப் படம் எடுக்க வேண்டும், எடுத்துக்கொள்வீர்களா என்று ஒரு வரி. படத்தின் பின்னால் ஊர் பெயரும் ஆற்றின் பெயரும் எழுதினாள். ஆளின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனாவை வைத்தாள், எடுத்தாள். அப்படியே விட்டு அனுப்பிவிட்டாள்.

பல வாரம் கழித்துத் தபால் நிலையத்திலிருந்து ஆள் வந்தான். நாளைக் காலை பிரூன்ஸேயிலிருந்து தொலைபேசி வரும், சைரா வந்து நிற்க வேண்டும் என்றான். அவள் தனியாகப் போக மாமியார் விடவில்லை. என்னையும் சேர்த்து அனுப்பினார்.

எங்கள் ஊர்த் தபால் நிலையம் ஒரே அறை. தொலைபேசி இணைப்பைப் பார்ப்பவள் உர்கான். மாமனாருடைய தம்பி மகனைக் கட்டியவள், அதாவது அவளும் எங்கள் குடும்பத்து மருமகள். ஓய்வூதியம் வாங்க வந்த கிழவர்களும் பார்சல் எடுக்க வந்த ஒமூரும் வரிசையில் நின்றார்கள். மணி அடித்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். தொலைபேசியில் அந்தப் பக்கம் பேசுவதும் அறை முழுக்கக் கேட்கும்.

"சைராவா? கனிஷாய் பேசறேன். ஆத்துப் படம் பார்த்தேன். ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் போடறேன்."

சைரா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தாள். "சரிங்க அக்கா."

"உங்க மலைப்பக்கத்துக்கு எங்களுக்கு ஒரு ஆள் வேணும். இந்தப் படம் வந்துட்டா உங்களுக்கு அடையாள அட்டை கேட்டு வாங்கிடுவேன். சுருள் நாங்க தருவோம், எந்த லாரியிலயும் ஏறிப் போகலாம். கேக்குதா?"

"கேக்குது, கேக்குது!"

"ஆனா படத்துக்குப் பின்னாடி பேர் இல்லை. அந்தப் பெரியவர் பேரு என்ன?"

சைரா வாயைத் திறந்தாள். மூடினாள்.

"அவர் எங்க மாமனாருங்க."

"அது சரி. பேரு?"

"மாமனார்னே போட முடியாதுங்களா அக்கா?"

"ஊருக்கெல்லாம் அவர் மாமனாராம்மா? பேர் சொல்லுங்க. இன்னைக்குப் பக்கம் அச்சுக்குப் போகுது, பையன் கதவுகிட்ட நிக்கறான்."

சைரா ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு உர்கானைப் பார்த்தாள். "நீ சொல்லு உர்கான். உனக்கு அவர் பெரிய மாமனார்தானே."

"நல்லா இருக்கே! பெரிய மாமனாருன்னா இன்னும் பெரிய பாவம். நான் வேலை பாக்கணுமா வேண்டாமா இந்த ஊர்ல?"

என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். என்னைக் கேட்கக்கூட இல்லை அவள்.

அறையில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடியவர்கள் ஆண்கள்தான். கிழவர்கள் ஒமூரைப் பார்த்தார்கள். சைராவும் அவனிடம் திரும்பினாள். "ஒமூர் அண்ணே, ஒரே ஒரு வார்த்தை. இந்தக் குழாய்ல சொல்லிடுங்க."

ஒமூர் மீசையைத் தடவிக்கொண்டான். "நான் தூங்கறேன் தங்கச்சி. சர்க்கரை மூட்டை மேல. தூங்கறவன் எப்படிப் பேசுவான்?"

வரிசை சிரித்தது. ஒரு கிழவர், "சொல்லித் தொலைடா" என்று அவனை இடித்தார். "படம் எடுக்கக் கண்ணு இருக்கு, பேர் சொல்ல வாய் இல்லையா?" என்றான் ஒமூர். கிழவர் தாமே சொல்ல நகர்ந்தார். அவருக்குக் கைத்தடியைத் தேடி எடுக்கவே நேரம் பிடித்தது.

"அலோ? சைரா? இணைப்பைத் துண்டிக்கப் போறாங்க. பேரில்லைன்னா வேற படம் வைக்கறேன். மன்னிச்சுக்கங்க."

சைராவின் கால் நின்றுவிட்டது. அன்றுதான் நான் அதைப் பார்த்தேன்: இரண்டு பாதமும் தரையில் ஒட்டி, அசையாமல். முக்காட்டை நெற்றிவரை இழுத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பெயரைச் சொன்னாள். சின்னக் குரலில் இல்லை. பிரூன்ஸேவரைக்கும் கேட்க வேண்டுமே, கத்தித்தான் சொன்னாள்.

யாரும் சிரிக்கவில்லை. ஒமூர்கூட. இணைப்பு துண்டிக்கப்பட்டு இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. உர்கான் செருகியைப் பிடுங்கியவள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

நாங்கள் நடந்து வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. மாமியார் வாசலில் நின்றார்.

"எனக்குப் பல்லு விழுற வயசாச்சு. அவரோட வாழ்ந்து பிள்ளை பெத்தவ நான். நான் சொன்னதில்லை அந்தப் பேரை! நீ தொலைபேசியில சொல்றே. ஊரே கேக்க."

"கேட்டாங்க அத்தை. சொல்லலைன்னா படம் போயிடும்."

"போகட்டுமே!"

"போகக் கூடாது அத்தை" என்றாள் சைரா. அவ்வளவுதான் சொன்னாள். தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் அவள் நீட்டிய கிண்ணத்தை வாங்கவில்லை. அவள் ஊற்றிய தேநீர் அவர் முன்னால் ஆறிக்கொண்டிருக்கும். நான் வேறு ஊற்றித் தந்தால் தழும்புக் கை நீளும். மெதெர் ஒருநாள், "அந்தப் பெட்டியை வித்துத் தொலைச்சிடறேன். வீட்ல மூச்சு விட முடியலை" என்றார். "வித்துடுங்க. அதை வாங்கறவன் லாரியிலேயே நானும் ஏறிடறேன்" என்றாள் சைரா. அவர் விற்கவில்லை. அவள் தினமும் தபால் வண்டி வரும் சாலைவரை போவாள், வருவாள். பனி விழுந்தது. அதில் அவள் நடந்து நடந்து ஒரு தடமே உண்டாகிவிட்டது. ஒருவேளை படம் வராது என்றும் எனக்குத் தோன்றும். வந்தால் இன்னும் மோசம் என்றும் தோன்றும். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் புரள்வது கேட்கும்.

இதழை உர்கான்தான் கொண்டு வந்தாள், தபால் வண்டியிலேயே ஏறி. வீட்டுக்குள் நுழைவதற்குள் அண்டை வீட்டுப் பெண்கள் பின்னால் சேர்ந்துவிட்டார்கள். மாமனார் உள்மூலையில், பெரியவர்களுக்கான இடத்தில், மெத்தைமேல் உட்கார்ந்திருந்தார். நானும் சைராவும் கதவோரம். உர்கான் இதழை மாமியாரிடம் கொடுத்தாள்.

இரண்டு பக்கம் முழுக்க ஆறு. பின்னால் ஆடுகள் ஒரே அலையாக. நடுவில் குதிரைமேல் எழுந்து நிற்கும் மாமனார், உயர்ந்த கை, திறந்த வாய், தொப்பியில்லாத வெள்ளைத் தலை.

"அப்பாடி, என்ன கோபம்!" என்றாள் அடுத்த வீட்டுக்காரி. "இந்தக் கோபத்துக்கு எதிரே நின்னு எடுத்திருக்காளே!"

"சாட்டையை வீசியிருந்தா செத்திருப்பா" என்றாள் உர்கான்.

மாமியார் படத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

"கோபமா? யாருக்குக் கோபம்?" என்றார். "இவருக்குக் கோபம் வந்தா வாயே திறக்க மாட்டாரு. ஒரு மாசமாப் பாக்கறீங்களே, அதுதான் கோபம். இது பயம்டி. மெதெர் சின்ன வயசுல பனிச்சரிவுல மாட்டிக்கிட்டப்போ இதே மூஞ்சிதான். அப்பவும் இப்படித்தான் கையைத் தூக்கிட்டு ஓடினாரு." எங்கள் பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷம் இந்த வீட்டு ரொட்டியைத் தின்னிருக்கீங்க. பயம் எது, கோபம் எதுன்னு தெரியலையா?"

"எப்படி அத்தை தெரியும்?" என்றாள் சைரா. "இதுக்கு முன்னாடி அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லையே."

மாமியார் படத்தை மறுபடியும் பார்த்தார்.

உள்மூலையிலிருந்து குரல் வந்தது. "அந்த இடத்துல ஆத்துல பள்ளம். பள்ளம் பள்ளம்னு தொண்டை கிழியக் கத்தினேன். கேட்டாத்தானே. இங்கே கொண்டா."

மாமியார் கொண்டுபோய்க் கொடுத்தார். மாமனார் படத்தை வெகுநேரம் பார்த்தார் என்று நினைக்கிறேன். நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கீழே இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக, உதட்டுக்குள் முனகிப் படித்தார். தன் பெயரை அவர் முனகியபோது நாங்கள் மூன்று பேரும் முக்காட்டை இழுத்துக்கொண்டோம்.

"இது யாரு?" என்றார்.

"என்ன யாரு? நீங்கதான்" என்றார் மாமியார்.

"இந்தப் பேருல இந்தப் பள்ளத்தாக்குல நாலு பேர் இருக்கானுங்க. மேலூர்ல ஒரு குடிகாரன் இருக்கான். எவன்னு தெரியும் படிக்கறவனுக்கு? எங்கப்பன் பேரு எங்கே? இன்னாரு மகன் இன்னாருன்னு போடவேண்டாமா?" இதழைத் தட்டினார். "அரை ஆளைப் போட்டிருக்காங்க."

சைரா தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "இணைப்பைத் துண்டிக்கப் போறாங்கன்னாங்க மாமா. ஒரு பேருக்குத்தான் தைரியம் இருந்துச்சு."

மாமனார் கனைத்தார். ஆட்டைக் கூப்பிடுவதற்கு முன்னால் கனைப்பாரே, அதுபோல.

"அடுத்த தடவை ரெண்டையும் சேர்த்துச் சொல்லு."

மாமியார் கையிலிருந்த கரண்டி விழுந்தது. உர்கான் என்னைப் பார்த்தாள், நான் உர்கானைப் பார்த்தேன். "சரிங்க மாமா" என்று சைரா சொன்னது கேட்டது. அவள் பின்பக்கமாக நடந்து, குதிகாலால் படியைத் தடவி, கதவைத் தாண்டினாள். வெளியே பனியில் ஓடும் சத்தம்.

நான் மாமனாருக்குத் தேநீர் ஊற்றி நீட்டினேன். தழும்புக் கை அதை வாங்கவில்லை. காலிக் கிண்ணம் ஒன்றைத்தான் என் பக்கம் நீட்டியது.

"நீ இல்லைம்மா. அவளைக் கூப்பிடு."

ஓடினேன். சைரா சாலையோரம் தபால் வண்டியின் படியில் ஒரு காலை வைத்தபடி ஓட்டுநரிடம் பேசிக்கொண்டிருந்தாள். நாளை எத்தனை மணிக்குக் கிளம்புவான், கணவாய் திறந்திருக்கிறதா, அந்தப் பக்கம் கவரி எருமைப் பண்ணையில் யாராவது பெண்கள் வேலை செய்கிறார்களா.

"அக்கா, மாமா கிண்ணத்தை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. உங்க கையால வேணுமாம்."

அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் என்னவோ வந்து போனது. அது மகிழ்ச்சியா, வேறா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "வரேன்" என்றாள். ஓட்டுநரிடம் திரும்பி, "நான் வராம கிளம்பிடாதீங்க" என்றாள்.

உள்ளே வந்தாள், ஊற்றினாள், நீட்டினாள். மாமனார் வாங்கிக் குடித்தார். அவர் இரண்டாவது கிண்ணம் கேட்பதற்குள் அவள் கதவுக்கு வந்துவிட்டாள்.

அடையாள அட்டை வசந்தத்தில் வந்தது. அதற்குள் அவள் மூன்று கணவாய்களுக்கு அந்தப் பக்கம் போய் வந்திருந்தாள். பிறகு பல ஆண்டுகள் அந்த இதழில் சின்ன எழுத்தில் அவள் பெயர் வரும், பெரும்பாலும் பின்பக்கங்களில். பெரிய ஆளாகவில்லை. வீட்டில் இருக்கும் நாட்களில் இப்போதும் நின்றுகொண்டுதான் தேநீர் குடிக்கிறாள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் தபால் நிலையத்திலிருந்து உர்கான் வந்து சொல்லிவிட்டுப் போவாள்: "உங்க அக்கா இன்னைக்கு எந்த ஊரிலிருந்தோ நம்ம இணைப்பு வழியா பிரூன்ஸேக்குப் பேசினா. யாரோ ஒருத்தர் பேரையும் அவர் அப்பன் பேரையும் சேர்த்து, குழாய் கிழியக் கத்தினா."

மாமனாருடைய முழுப் பெயரும் அவர் இறந்த ஆண்டில் அந்த இதழில் வந்த அவருடைய இரண்டாவது படத்தின் கீழே அச்சாகியிருக்கிறது. இரண்டு பெயரும் சேர்ந்து. வேண்டுமென்றால் அங்கே படித்துக்கொள்ளுங்கள்.